அளவு ஒத்துவரவில்லை

கொரட்டூர்
14.7.2024

அன்புள்ள மருமகள் பவ்யாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை சரசாவும் நலம். புனேயில் மழை விடாமல் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். ஆபீஸ் போகும்போது நனையாமல் போய் வா.

முதல் வரியிலேயே தடுமாறிவிட்டேன் அம்மா. உனக்கு என்றால் 'சௌபாக்கியவதி' என்று போட்டுத்தான் எழுதிப் பழக்கம். கல்யாணமான புதிதில் நீ ட்ரெயினிங்குக்கு ஐதராபாத் போயிருந்தபோது இரண்டு கடிதம் போட்டேனே, அதிலும் அப்படித்தான். இன்றைக்கு 'சௌ' வரை எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். ஸ்ரீநாத் போய் எட்டு மாசம் ஆகப்போகிறது. பெற்றவன் கைக்கு இன்னும் அது தெரியவில்லை. தப்பாக நினைக்காதே.

போனில் பேசலாமே என்பாய். நீ 'மாமா' என்று ஆரம்பித்தாலே எனக்குச் சொல்லவந்தது மறந்துபோகிறது. உன் அத்தை வேறு பக்கத்திலேயே நின்று போனைப் பிடுங்குகிறாள். பிடுங்கி, துன்னியா, இன்னா கொழம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். எட்டு மாசமாக நாம் மூன்று பேரும் குழம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கடிதம்.

ஸ்ரீநாத்தின் பைக் விஷயத்துக்கு வருகிறேன். சென்ட்ரலில் ரயில் ஏறும்போது நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் வண்டியை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து வையுங்கள், வருஷ திதிக்கு வரும்போது நானே ஆந்திராவில் கண்டிக்கோட்டா வரைக்கும் ஓட்டிவிட்டு வருகிறேன், எனக்கு வேறு எதுவாக இருந்தாலும் அதுக்கு அப்புறம்தான் என்றாய். நீங்கள் இரண்டு பேரும் போவதாக இருந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முன்னால்தானே அந்த விபத்து நடந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே ஒன்றை மறைத்தேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

காட்டுப்பாக்கத்தில் கோபி மெக்கானிக் ஷெட்டில்தான் வண்டி நிற்கிறது. கோபியை உனக்குத் தெரியும், ஸ்ரீநாத் வேறு யாரையும் அந்த வண்டியைத் தொட விடமாட்டானே. இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்திவிட்டான். ஹேண்டில்பார் புதிது. ஆனால் வண்டிக்குச் சக்கரம் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறான்.

சக்கரங்களை நான்தான் காயலான் கடையில் போட்டேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியைத் திருப்பித் தந்ததும், கோபி இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். பின் சக்கரம் நெளிந்திருந்தது. முன் சக்கரம் தோசையை மடித்தமாதிரி மடங்கிக் கிடந்தது. கருமாதி அன்று ஆளாளுக்குச் சொன்னார்கள், உயிரைக் குடித்ததை வைத்துக்கொண்டிருக்காதே என்று. அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சக்கரத்தைக் கண்ணால் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. கோபி டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டையும் என் டிவிஎஸ்ஸில் கயிறு போட்டுக் கட்டி, மண்ணூர்பேட்டை வரை ஓட்டிக்கொண்டு போய் எறிந்துவிட்டு வந்தேன். சக்கரம்தானே, புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நீ புனே போன பிறகுதான் கோபி சொன்னான். நைனா, ரிம்மு போனா இன்னா, ஸ்போக்ஸ் போனா இன்னா, நடுவுல கீற ஹப்பு மட்டும் இருந்துச்சின்னா நானே புது ரிம்மு போட்டுக் கட்டிக் குடுத்திருப்பேனே, அதப்போயி தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறியே என்று தலையில் அடித்துக்கொண்டான். வண்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி நம் நாட்டில் கடையை மூடிவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். ஹப் கிடைக்காதாம். அன்றைக்கே மண்ணூர்பேட்டைக்கு ஓடினேன். லோடு ஏறி மாசக்கணக்கில் ஆகிவிட்டது என்றார்கள். நம்பாமல் மத்தியானம் வரை அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தேன்.

நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன். பழைய பேரிங்கைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தால்தான் புது பேரிங் கொடுப்பேன். பெரிய மேனேஜர் ஆள் அனுப்பினாலும் அதே பேச்சுதான். எத்திராஜிடம் செத்த எலியைக் காட்டினால்தான் புது எலி தருவான் என்று கேன்டீனில் கிண்டல் பண்ணுவார்கள். அப்பேர்ப்பட்டவன் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதற்கு அலைகிறேன்.

ஆனால் விடமாட்டேன். திதிக்கு இன்னும் நான்கு மாசத்துக்கு மேல் இருக்கிறது. முன் சக்கரம் இருபத்தொரு இன்ச், பின் சக்கரம் பதினெட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீ வேளைக்குச் சாப்பிடு. அத்தை உனக்குக் கருவாட்டுப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், புனே போகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் உன் நலம் கோரும் மாமா,
எத்திராஜ்


கொரட்டூர்
8.10.2024

அன்புள்ள பவ்யாவுக்கு,

மாமாவும் அத்தையும் நலம். அத்தைக்கு முட்டி வலி மட்டும் விடவில்லை. ஏரிக்கரையில் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாள் நடந்துவிட்டு, நடந்தால்தான் வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள்.

என் கடிதத்துக்கு நீ போனில் மெசேஜ் அனுப்பியிருந்தாய். பரவாயில்லை மாமா, பொறுமையாகத் தேடுங்கள் என்று. சக்கரத்தைத் தூக்கிப் போட்டதற்கு நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தேடாத இடம் இல்லை. ஆவடியில் ஒருவர் இதே கம்பெனி சக்கரம் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் வேறு வருஷத்து மாடல், பின் ஹப் அகலம் எட்டு மில்லிமீட்டர் அதிகம். பூந்தமல்லியில் ஒருவர் நம் ஊர் வண்டியின் சக்கரத்தைக் கொடுத்து, இது சேரும் என்று சத்தியம் பண்ணாத குறை. கோபி மாட்டிப் பார்த்தான். முன்னால் டிஸ்க் போய் பிரேக் காலிப்பரில் இடிக்கிறது. பின் சக்கரமோ பதினேழு. எதையாவது மாட்டி உருட்டிவிடலாம்தான். நீ ஏறி ஆந்திராவரை போகப்போகிற வண்டியில் 'எதையாவது' மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

பட்டரவாக்கத்தில் லேத் வைத்திருக்கும் என் பழைய சிநேகிதன் துலுக்கானத்திடம் போனேன். படத்தைக் கொடுத்து, இந்த ஹப்பைக் கடைந்து கொடுடா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். கடைஞ்சு குட்த்துடுவேன் மச்சான், ஆனா ஓட்டப்போறது நம்ம ஊட்டுப் பொண்ணு, நூறுல போவசொல்ல அது பொளந்துக்கினா நான் அப்பால சோறு துன்ன முடியுமா என்று படத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டான். அவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவன் சொன்னது சரி என்பதால்தான் சண்டை.

கடைசியாகப் புதுப்பேட்டை. கழற்றிப்போட்ட வண்டிகளுக்கு நடுவே மூன்று நாள் சுற்றினேன். முகமது ஆசிக் என்று ஒரு கடைக்காரர், நல்ல மனுஷன், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணாத்தே, இந்த வண்டி மெட்ராஸ்ல மொத்தமே பத்தோ பன்னெண்டோதான் கீது, அதுல ஒண்ணு என் கடைக்கு வரணும்னா இன்னொரு ஊட்ல எழவு உழணும், அதுக்கா காத்துகினு கீற என்று கேட்டார். டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் உண்மையில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் பவ்யா. பேப்பரில் விபத்துச் செய்தி வந்தால் முதலில் என்ன வண்டி என்றுதான் பார்ப்பேன். அன்றோடு அந்தப் பக்கத்தைப் படிப்பதை விட்டேன்.

அதன் பிறகு ஒரு நல்ல சேதி வந்தது. கோபிக்குத் தெரிந்தவர் ராகேஷ் என்று ஒருவர், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஃபிளாட்டில் இருக்கிறார். அதே வண்டி, அதே வருஷமாம். அவர் மனைவிக்கு இது ஏழாம் மாசம், குழந்தை வரப்போகிறது என்று ஓட்டுவதை விட்டுவிட்டாராம். வண்டியைப் பிரித்து விற்கிறார். போன மாசம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வந்து பார்க்கச் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை ஆவடியிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். உன் அப்பா இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாரே, அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். சரண் என்ற பையன் எல்லாம் தெரிந்தே உன்னைக் கேட்டு வந்திருப்பதைச் சொன்னார். நீ வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அந்த வண்டியில் கண்டிக்கோட்டா போய்வந்த பிறகு சொல்கிறேன் என்றாயாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி, நீங்க சொன்னா கேட்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை காபி போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவரும் அதை அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஐயப்பன்தாங்கல் போக முடியவில்லை. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. டிவிஎஸ்ஸுக்கு டயரும் தேய்ந்துவிட்டது. எனக்கும் உடம்பு ஒரு மாதிரி இருந்தது. எப்படியும் அந்தச் சக்கரமும் சேராது என்றுதான் தோன்றுகிறது. இத்தனை பார்த்தாயிற்று, எது சேர்ந்தது? நீ அதில் ரொம்ப ஆசை வைக்காதே.

திதிக்கு ரயிலில் வா. அத்தை உன் அறையை ஒட்டடை அடித்து வைத்திருக்கிறாள். உன் துணிகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன, யாரும் தொடவில்லை. நீ எப்போது வந்தாலும் இது உன் வீடு.

ஆசிகளுடன்,
மாமா எத்திராஜ்


கொரட்டூர்
12.1.2025

பவ்யாவுக்கு,

முதல் வரியில் போடவேண்டியதை இந்தக் கடிதத்தின் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும். படித்து முடித்ததும் என்னை மாமா என்று கூப்பிட உனக்கு மனசு வருமோ வராதோ தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. நல்ல வெயில். ராகேஷ் வீட்டுக்கு நான் போனேன்.

அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டுதான் போனேன். கோபி கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்த அளவுத்தாளும் கையில் இருந்தது. பால்கனியில் துணி விரித்து இரண்டு சக்கரத்தையும் படுக்கவைத்திருந்தார்கள். ஆக்சில் துளை சரி. ஹப் அகலம் சரி. டிஸ்க் போல்ட் துளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சரி. ஹப்பின் ஓரத்தில் பார்ட் நம்பரே இருந்தது. அதை விரலால் தடவித் தடவிப் படித்தேன். நான் எறிந்த அதே சக்கரம், நெளியாமல், துருப்பிடிக்காமல், யார் வீட்டிலும் எழவு விழாமல் என் முன்னால் இருந்தது.

ராகேஷின் மனைவி நிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து எனக்கு மோர் கொடுத்தாள். யார் ஓட்டப்போறாங்க அங்கிள் என்று கேட்டாள். என் மருமகள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போ சும்மாவே எடுத்துட்டுப் போங்க அங்கிள், அவங்க போற இடத்துல ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்றாள். ராகேஷும் சரி என்றார்.

எனக்குச் சம்பந்தி முந்தின நாள் சொன்னதுதான் காதில் கேட்டது. இந்தச் சக்கரத்தை நான் தூக்கிக்கொண்டு போனால் வண்டி ஓடும். நீ வருவாய், கண்டிக்கோட்டா போவாய், திரும்பி வருவாய். வந்து சரி என்று சொல்வாய். அப்புறம் அந்த பீரோவில் இருக்கும் துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். சக்கரம் கிடைக்காத வரைக்கும்தான் நீ எங்கள் வீட்டுப் பெண். மகனைக் கொடுத்துவிட்டோம், இவளையும் என் கையாலேயே அனுப்பவேண்டுமா என்று நினைத்தேன்.

வெர்னியரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். அளவு ஒத்துவரல தம்பி என்றேன்.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நட்டு போல்டுக்குக்கூட நான் அளவை மாற்றிச் சொன்னதில்லை அம்மா. அன்றைக்குச் சொன்னேன். ராகேஷுக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னொரு தடவை அளந்து பாருங்களேன் சார் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாசம் திதிக்கு வந்தாய். மறுநாள் என்னோடு ஷேர் ஆட்டோவில் காட்டுப்பாக்கம் வந்தாய். கட்டை மேல் நிற்கிற வண்டியின் டேங்கை உன் துப்பட்டாவால் துடைத்தாய். பிரேக் லீவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தாய். திரும்பும்போது, நீங்க எவ்ளோ அலைஞ்சிருப்பீங்க மாமா, பரவாயில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று என்னைத் தேற்றினாய். அந்த ஆட்டோவிலேயே சொல்லியிருக்கவேண்டும். என் பக்கத்தில் ஒரு அம்மா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள், அவள் இறங்கட்டும் என்று இருந்தேன். அவள் இறங்கினாள். நான் சொல்லவில்லை.

உன் ரயில் போன பிறகு உன் அத்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வருஷமாம், அதுக்கு அடுத்த வருஷமாம், அந்தப் பொண்ணையும் வண்டிகூடவே கட்ட மேல ஏத்தி நிக்க வச்சிக்கினு கீற நீ என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மாதான் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு, வா போலாம் என்று அவளே கிளம்பிவிட்டாள்.

ஐயப்பன்தாங்கலில் குழந்தை அழும் சத்தம் படிக்கட்டிலேயே கேட்டது. பெண் குழந்தை. அத்தை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். சக்கரங்கள் அக்டோபரிலேயே நாக்பூருக்கு லாரியில் போய்விட்டன. ராகேஷ் எங்கள் எதிரிலேயே வாங்கிய ஆளுக்குப் போன் போட்டு இந்தியில் கெஞ்சினார். வாங்கியவர் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், கேட்பது நியாயமில்லை. நிஷா மட்டும், உங்க மருமகளுக்கு வேற கெடச்சிச்சா அங்கிள் என்று கேட்டாள். நான் குழந்தையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இனி கிடைக்காது பவ்யா. கோபியும் கையை விரித்துவிட்டான். அவனுக்கு ஷெட்டில் இடம் வேண்டும், எத்தனை நாளைக்கு வைத்திருப்பான்? போன வாரம் குட்டி யானை டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டோம். கட்டைகளையும் கோபியே கொடுத்துவிட்டான். அத்தை அதன் ஹேண்டில்பாரில் ஈரத் துண்டைப் போட்டு வைத்திருந்தாள். சத்தம் போடப் போனேன். போய், துண்டை விரித்துக் காயப்போட்டுவிட்டு வந்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். அந்த வண்டிக்காக நீ காத்திருக்காதே. அது ஓடாது. ஓடாமல் செய்தவன் நான். முதலில் ஆத்திரத்தில் செய்தேன், அடுத்த முறை நன்றாகத் தெரிந்தே செய்தேன். உன் வாழ்க்கையை அதன் மேல் வைக்காதே. கண்டிக்கோட்டாவுக்கு பஸ்ஸில் போ, காரில் போ, சரணோடு போ. இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு நாளைக்குக் காலையில் ஆவடிக்குப் போகிறேன். சம்பந்தி கேட்ட அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். முடிவு உன்னுடையது. நான் குறுக்கே நிற்கவில்லை என்று மட்டும் அவருக்குத் தெரியட்டும்.

பீரோவில் இருந்த உன் துணிகளை அத்தை துவைத்து மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். மடிக்கும்போது அழுதாள். ஸ்ரீநாத்தின் ஹெல்மெட்டும் உன் ஹெல்மெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உன்னுடையதை மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

பொங்கலுக்கு அத்தைக்கு ஒரு போன் பண்ணு. என்னிடம் பேசவேண்டாம், எனக்கு அது போதும். அவளிடம் என்ன குழம்பு என்று நீயே கேள், பாவம், அதற்கு மட்டும் நன்றாகப் பதில் சொல்வாள்.

உறை மேல் உன் பெயரை எழுதிவிட்டேன். இந்த முறை 'சௌ' என்பதோடு பேனா நிற்கவில்லை, முழுதாக எழுதினேன். அத்தை பக்கத்தில் இருந்து பார்த்தாள். கிழிக்காதே என்றாள்.

சௌபாக்கியவதி பவ்யா, நீ தீர்க்காயுசாக, நெற்றிப் பொட்டோடு நன்றாக இருக்கவேண்டும்.

எத்திராஜ்
சரசா